ஞானஸ்நானம் மறுத்த ராஜா

1897 மார்ச் மாதம் ஹான்ஸ் ராம்சே என்ற ஜெர்மன் கேப்டன் ருவாண்டா அரசவைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு ஜெர்மன் கொடி, ஒரு பாதுகாப்புக் கடிதம். உங்கள் நாட்டுக்கு இனி எங்கள் பேரரசு துணை, எதிரிகள் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது கடிதத்தின் சாரம். வளர்ந்த ஆள் ஒருவர் ராஜ தோரணையில் உட்கார்ந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். கேப்டனுக்குத் திருப்தி. வந்த காரியம் முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

வாங்கிக்கொண்டவர் ராஜா இல்லை. அவர் பெயர் ம்பமருகம்பா, அரசவையைச் சேர்ந்த ஒருவர். நிஜ ராஜா பதினான்கு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, ஒரு பையன். வெள்ளைக்காரன் கண்ணில் பட்டால் பையனுக்கு என்ன ஆகுமோ என்று அரண்மனைக்குப் பயம். அதனால் அவனை உள்ளே மறைத்துவிட்டு வேறு ஆளை உட்காரவைத்தார்கள். ஐரோப்பாவோடு ருவாண்டா வைத்துக்கொண்ட முதல் உடன்பாடே ஆள்மாறாட்டத்தில்தான் ஆரம்பித்தது.

நான் வணிகவியல் வாத்தியார். ருவாண்டாவின் தெற்கே, முன்பு புட்டாரே என்றும் இப்போது ஹூயே என்றும் சொல்லப்படும் ஊரில் சில வருடம் கணக்குப்பதிவியல் நடத்தினேன். எந்தக் கதையைக் கேட்டாலும் கையெழுத்து எங்கே விழுந்தது, யார் போட்டது, போட்டவருக்கு அதிகாரம் இருந்ததா என்றுதான் என் புத்தி போகும். யூஹி முசிங்கா என்ற இந்த ராஜாவின் கதையில் நான் சிக்கிக்கொண்டதும் அப்படித்தான். முப்பத்தைந்து வருடம் நாற்காலியில் இருந்தவரை இறக்குவதற்கு ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் செலவாகவில்லை. எல்லாம் காகிதத்திலேயே முடிந்தது.

அவர் எப்படி ராஜாவானார் என்பதைச் சொல்லாமல் எப்படி இறக்கப்பட்டார் என்பதைச் சொல்ல முடியாது.

ருவாண்டாவில் ராஜாவை ம்வாமி என்பார்கள். ம்வாமி தனியாக ஆள்வதில்லை. ராஜமாதா கூடவே உட்கார்ந்து ஆள்வாள்; இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பட்டம். காலிங்கா என்ற முரசுதான் அரசின் அடையாளம். தோற்ற எதிரிகளின் பிறப்புறுப்புகளை அதில் தோரணமாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த ராஜா யார், அவருக்கு எந்தப் பட்டப்பெயர், எந்தச் சடங்கு எந்த மாதம் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ரகசியக் குழு ஒன்று உண்டு. அபீரு என்று பெயர். ஏடு கிடையாது, எழுத்து கிடையாது. அப்பன் மகனுக்குச் சொல்லித் தரவேண்டும்.

முசிங்காவின் அப்பா ருவாபுகிரி பெரிய போர்வீரர். வருடா வருடம் எங்காவது படையெடுத்துக்கொண்டே இருந்தவர், 1895இல் இறந்தார். இறப்பதற்குச் சில வருடம் முன்பே ருட்டாரிண்ட்வா என்ற மகனை வாரிசாக அறிவித்திருந்தார். அங்கே ஒரு சிக்கல். ருட்டாரிண்ட்வாவின் தாய் உயிரோடு இல்லை. அதனால் தன் இன்னொரு மனைவியான கன்ஜோகெராவை ராஜமாதா ஸ்தானத்தில் உட்கார வைத்தார். கன்ஜோகெராவுக்குச் சொந்தமாக ஒரு மகன் இருந்தான், அவன்தான் முசிங்கா. இவ்வளவு பெரிய ஆட்சியாளருக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

1896 நடுவில் கிவு ஏரியின் தென்முனையில், ஷாங்கி என்ற இடத்தில் கொங்கோவிலிருந்து வந்த சின்ன பெல்ஜியப் படை ஒன்று கூடாரம் போட்டது. ருவாண்டா படை போய் மோதியது. ஈட்டியும் வில்லும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். ருட்டாரிண்ட்வாவுக்கு விசுவாசமான தளபதி அங்கே செத்துப்போனார். புது ராஜாவின் பலம் பாதியாகக் குறைந்தது. அந்த டிசம்பரிலேயே கன்ஜோகெராவும் அவள் சகோதரர்களும் காரியத்தில் இறங்கினார்கள். ருச்சுன்ஷு என்ற குன்றில் இரண்டு தரப்பும் மோதின. சண்டை முதலில் ருட்டாரிண்ட்வா பக்கம் சாய்வதுபோல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கன்ஜோகெராவின் சகோதரன் கபாரே, பையன் முசிங்காவை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, இதோ உங்கள் ராஜா என்று கத்தினானாம். ருட்டாரிண்ட்வா மனைவி மக்களோடு வீட்டுக்குள் போய்த் தீயில் மாண்டார். காலிங்கா முரசும் எரிந்துபோனது, பிறகு வேறொன்று செய்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

ஆக, ராம்சே வந்தபோது அரண்மனையில் ரத்தம் காய்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பறித்த சிம்மாசனம். உள்நாட்டில் எத்தனை பேர் பழிவாங்கக் காத்திருக்கிறார்கள் என்று கணக்கில்லை. மேற்கே பெல்ஜியத் துப்பாக்கி. இந்த நிலைமையில் ஒருவர் கொடியோடு வந்து, நான் துணை நிற்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கன்ஜோகெரா வாங்கிக்கொண்டது முட்டாள்தனம் இல்லை. நல்ல கணக்கு. ஆனால் கடன் வாங்குகிறவர் எல்லோரும் முதல் நாள் போடும் கணக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கன்ஜோகெராவைப் பற்றி ஹூயேயில் கேட்காத வீடில்லை. என் சக ஆசிரியர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர், அவள் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ருஹுகா என்று பெயர் வைத்த வாள் ஒன்று அவளிடம் இருந்ததாம், தன் கையாலேயே ஆட்களை வெட்டுவாளாம். எவ்வளவு உண்மை, எவ்வளவு பிறகு ஒட்டியது என்று பிரிக்க முடியாது. எதிரிகளைத் தேடித் தேடித் தீர்த்ததும், முதல் பல வருடங்கள் நாட்டை ஆண்டது மகன் இல்லை, அம்மாவும் மாமன்களும்தான் என்பதும் மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம்.

ஜெர்மானியர்கள் உண்மையில் ருவாண்டாவில் அதிகம் பேர் இல்லை. விரல்விட்டு எண்ணிவிடலாம். நைல் நதியின் ஊற்றைத் தேடி வந்த ரிச்சர்டு கான்ட் என்ற மருத்துவர்தான் பிறகு அவர்களின் முதல் பிரதிநிதி. இன்றைய தலைநகர் கிகாலி, அவர் 1907 வாக்கில் ஒரு குன்றின்மேல் போட்ட குடியிருப்பிலிருந்து வளர்ந்தது. ராஜாவை வைத்துத்தான் நாட்டை நிர்வகிக்க முடியும் என்று கான்டுக்குத் தெரிந்திருந்தது. முசிங்காவுக்கும் ஜெர்மன் துப்பாக்கி தேவையாக இருந்தது. 1912இல் வடக்கே ந்துங்குத்சே என்பவர் நான்தான் ருட்டாரிண்ட்வாவின் மகன் என்று கிளம்பி வந்து, ஊர் ஊராக ஆள் சேர்த்தபோது அடக்கியது ஜெர்மன் படை. ருச்சுன்ஷுவில் எரிந்த வீட்டின் புகை பதினைந்து வருடம் கழித்தும் அடங்கவில்லை. அதை ஊதி அணைக்க வெளியாள் வரவேண்டியிருந்தது.

1907இல் மெக்லன்பர்க் கோமகன் ஒருவர் பெரிய பரிவாரத்தோடு, அரசவை இருந்த நியான்சாவுக்கு வந்து படமெடுத்துக்கொண்டு போனார். அந்தக் காலத்துப் படங்களில் முசிங்காவைப் பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்பவர்களைவிட ஒரு தலை உயரம். நெற்றியில் மணிகள் கோத்த பட்டம், அதிலிருந்து முகத்தின் முன்னால் தொங்கும் மணிச்சரங்கள், உச்சியில் குரங்கின் நீண்ட வெள்ளை ரோமம். கண்ணைப் பார்த்தால் ஆள் எதையோ யோசித்துக்கொண்டிருப்பது தெரியும். என்ன என்று தெரியாது.

ஜெர்மானியர்களைவிட ஆழமாக வேர்விட்டவர்கள் கத்தோலிக்கப் பாதிரியார்கள். வெள்ளைப் பாதிரிகள் என்று அவர்களுக்குப் பெயர். தோலை வைத்து அல்ல, போட்டுக்கொண்ட வெள்ளை அங்கியை வைத்து. 1900இல் ஹூயேவுக்குப் பக்கத்தில் சாவே என்ற குன்றில் முதல் மடத்தைப் போட்டார்கள். அரண்மனை அவர்களைத் தலைநகருக்குப் பக்கத்தில் விடாமல் தள்ளி இடம் கொடுத்தது. ஏழை விவசாயிகள் அவர்கள் நிழலில் போய் நின்றார்கள். பிரபுக்களின் கெடுபிடியிலிருந்து தப்பிக்க அது ஒரு வழி. பிரபுக்கள் எட்டியே நின்றார்கள். முசிங்கா சுவாஹிலி கற்றார், எழுதப் படிக்கக் கற்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். வேதம் மட்டும் வேண்டாம்.

இதைப் பிடிவாதம் என்று பாதிரியார்கள் எழுதிவைத்தார்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. மழை, விளைச்சல், மாட்டுக் கன்று எல்லாம் ராஜாவின் சடங்கால் வருகிறது என்று நாடு நம்புகிறது. சடங்குதான் அவர் பதவியின் ஆதாரப் பத்திரம். ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்பது அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடு என்பதுதான். அவர் படைகளை இழக்கச் சம்மதித்தார், வரிகளை இழக்கச் சம்மதித்தார். இதில் மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை.

1916இல் முதல் உலகப்போரின் நடுவில் பெல்ஜியப் படை கொங்கோவிலிருந்து உள்ளே நுழைந்தது. மே மாதத்துக்குள் கிகாலியும் நியான்சாவும் அவர்கள் கையில். ஜெர்மானியர்கள் பின்வாங்கிப் போய்விட்டார்கள். இருபது வருடம் முன்பு யாருக்குப் பயந்து ஜெர்மன் கொடியை வாங்கினார்களோ, அதே பெல்ஜியத்தின் கையில் முசிங்கா தனியாக மாட்டிக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பேரேட்டில் பதிவுபோல வரிசையாகப் படிக்கலாம். 1917இல் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் போயிற்று. அதே வருடம், யாரும் எந்த மதத்தையும் பின்பற்றலாம் என்ற ஆணையில் ராஜாவின் கையெழுத்தையே வாங்கினார்கள். கேட்க நல்ல ஆணைதான். ஆனால் தன் பிரபுக்களைத் தன்னோடு கட்டிவைத்திருந்த கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டதற்கு அது ரசீது. அடுத்து, ராஜா தீர்ப்புச் சொல்லும்போது பக்கத்தில் ஒரு பெல்ஜிய அதிகாரி உட்காரவேண்டும் என்று வந்தது. அதற்கடுத்து, மாகாணத் தலைவர்களை நியமிக்கவோ நீக்கவோ பெல்ஜியர் சம்மதம் வேண்டும். தலைநகரில் உட்கார்ந்துகொண்டு தன் ஆட்களையே நியமிக்க முடியாத ராஜா!

நடுவில் ஒருமுறை அவருக்குச் சாதகமாகவும் ஒன்று நடந்தது. கிழக்கே கிசாகா என்ற பகுதியை, ரயில் பாதை போட வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 1924இல் திரும்பக் கொடுத்தார்கள். அதைத் திரும்பப் பெறுவதற்கு முசிங்காவுக்காகப் பெல்ஜியத்திடம் வாதாடியவர்களில் ஆயர் லெயோன் கிளாஸ் ஒருவர். இதே கிளாஸ்தான் பிறகு அவரைக் கவிழ்த்தவர். மனிதரில் இப்படியும் உண்டு.

1925 எல்லாவற்றையும்விட மோசமான வருடம். உமுகனுரா என்ற அறுவடைத் திருவிழாவில் ராஜா முதல் தானியத்தை உண்டபிறகுதான் நாடு உண்ணும். அந்த விழாவைத் தடை செய்தார்கள். அபீரு குழுவின் தலைவர் கஷமுராவைப் பிடித்து பக்கத்து நாடான புருண்டிக்கு நாடுகடத்தினார்கள். ஏடில்லாத சாஸ்திரத்தில் ஒரு ஆளைத் தூக்கினால் ஒரு நூலகத்தைத் தூக்கியதுபோல. பெல்ஜியர்களுக்கு இது தெரிந்தேதான் இருந்திருக்கும்.

பிறகு மோர்த்தேஹான் என்ற அதிகாரியின் சீர்திருத்தம். அதுவரை ஒவ்வொரு குன்றுக்கும் மூன்று தலைவர்கள் இருப்பார்கள். ஒருவர் விளைநிலத்துக்கு, ஒருவர் மேய்ச்சலுக்கு, ஒருவர் படைக்கு ஆள் எடுக்க. நிர்வாகத்துக்கு அது குழப்படி. ஆனால் விவசாயிக்கு ஒரு வசதி இருந்தது: ஒரு தலைவர் அநியாயம் பண்ணினால் இன்னொருவரிடம் போய் முறையிடலாம். ராஜாவுக்கும் வசதி, மூன்று பேரையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவி வைத்திருக்கலாம். 1926 முதல் மூன்று பதவிகளையும் ஒன்றாக்கி, ஒரே ஆளை வைத்தார்கள். பெரும்பாலும் துத்சி இனத்தவர், பெரும்பாலும் பெல்ஜியப் பள்ளியில் படித்த இளைஞர்கள். ஹுத்து விவசாயிக்கு முறையிட இடமில்லாமல் போயிற்று. அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது உலகத்துக்கே தெரியும், இங்கே அதை விரிக்கவில்லை.

அந்த இளைஞர்கள்தான் முசிங்காவின் கடைசி நஷ்டம். பிரபுக்களின் பிள்ளைகளுக்காக நியான்சாவிலேயே அரசுப் பள்ளி இருந்தது. அங்கே படித்தவர்களுக்குப் பதவி யார் தருகிறார்கள் என்று கண்முன் தெரிந்தது. ஒவ்வொருவராக ரகசியமாக ஞானோபதேசம் கற்கப் போனார்கள். அரண்மனையில் இருந்துகொண்டே ராஜாவுக்குத் தெரியாமல் சிலுவை போட்டார்கள். முசிங்காவின் மூத்த மகன்களில் ஒருவரான ருடஹிக்வாவுக்கு 1929இல் தலைவர் பதவி கிடைத்தது. கிடைத்த பகுதி, ஆயர் கிளாஸின் தலைமையிடமான கப்கயி இருக்கும் அதே பகுதி.

கிளாஸ் 1930இல் பெல்ஜியப் பத்திரிகையில் முசிங்காவைக் கேவலமாகத் தாக்கி எழுதினார். ஒழுக்கம் கெட்டவர், முன்னேற்றத்துக்குத் தடை, இப்படி. அடுத்த வருடத் தொடக்கத்தில் புதுக் கவர்னர் சார்ல்ஸ் வுவாசானும் கிளாஸும் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்தவர் யார் என்பதற்கும் கிளாஸிடம் பதில் இருந்தது: ருடஹிக்வா.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முசிங்காவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவரைப் பிடிக்காதவர்கள் எழுதியது. மடத்து நாட்குறிப்புகள், நிர்வாக அறிக்கைகள். ருவாண்டாவின் பெரிய வரலாற்றாசிரியர் அலெக்சிஸ் ககாமேகூட ஒரு பாதிரியார்தான், அபீரு குடும்பத்தில் பிறந்தவர் என்றாலும். முசிங்கா நல்லவர் என்று வாதாட எனக்கு ஆசையில்லை. அவர் அவையில் கொலைகள் நடந்தன, அவர் தாய் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் 1931இல் அவரை நீக்கியது அந்தக் கொலைகளுக்காக இல்லை. அவை நடந்த காலத்தில் எல்லா வெள்ளைக்காரர்களும் அவரோடு கைகுலுக்கினார்கள்.

1931 நவம்பர் 12. வுவாசான் நியான்சாவுக்கு வந்து, நீங்கள் இனி ராஜா இல்லை என்று அறிவித்தார். விசாரணை கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது. தாலுகா ஆபீசில் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வருவதுபோல, வேலையிலிருந்து நீக்கம், இருப்பிடம் மாற்றம், உடனே கிளம்பவும். நவம்பர் 14 அன்று முசிங்கா தாயையும் மனைவி மக்களையும் பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு, நாட்டின் தென்மேற்கு மூலையில் கிவு ஏரிக்கரையில் உள்ள கமெம்பேவுக்குப் புறப்பட்டார். 16ஆம் தேதி ருடஹிக்வாவுக்கு முடாரா என்ற பட்டம். பட்டப்பெயரை அறிவித்தது அபீரு இல்லை, கவர்னர். சடங்கு எதுவும் நடக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் ராஜா என்று ஜனங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நான்கு நாளில் ஒரு ராஜ்யம் கைமாறியது. எங்கள் கல்லூரியில் ஒரு துறைத்தலைவரை மாற்ற இதைவிட அதிக நாள் ஆகும்.

ஹூயேயிலிருந்து நியான்சாவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தக் காலத்து அரண்மனையைப் போலவே மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். பெரிய வட்டக் கூரைவீடு, தரைவரை இறங்கும் புல் வேய்ச்சல், குனிந்துதான் நுழையவேண்டும். உள்ளே நாணல் தடுப்புகள், உயர்த்திய கட்டில். வெளிச்சம் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம்தான் தடுப்புகளில் கறுப்பும் வெளுப்புமாகப் பின்னியிருக்கும் கோலம் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் பாலுக்கென்று ஒரு குடில், பீருக்கென்று ஒரு குடில். பால் குடிலைக் கல்யாணமாகாத பெண்தான் காக்கவேண்டும். மரக் குடுவைகளுக்குக் கூம்பு வடிவில் பின்னிய மூடிகள். கொல்லையில் இன்யாம்போ மாடுகள் நிற்கின்றன. கொம்பு என் கை நீளத்துக்கும் மேல், நெற்றியில் மணி அலங்காரம். மேய்ப்பவர் ஒருவர் மாட்டின் காதருகே தாழ்ந்த குரலில் அதன் வம்சப் பெருமையைப் பாடினால் அது அசையாமல் நின்று கேட்கிறது. அங்கிருந்து சில எட்டு நடந்தால் ருடஹிக்வாவுக்கு 1930களின் தொடக்கத்தில் கட்டிக்கொடுத்த வீடு: சுவர், ஜன்னல், சோபா, நாற்காலி.

முசிங்கா நீக்கப்பட்டதும் ஞானஸ்நானத்துக்கு வந்த கூட்டத்தைப் பாதிரியார்கள் சூறாவளி என்று எழுதினார்கள். தலைவர் மாறினால் குன்றே மாறியது. ருடஹிக்வா மட்டும் அவசரப்படவில்லை. அவருக்கு ஞானஸ்நானம் 1943 அக்டோபரில்தான். ஞானத் தந்தையாக நின்றவர் கொங்கோவின் கவர்னர் ஜெனரல் பியேர் ரிக்மான்ஸ். ராஜா எடுத்துக்கொண்ட புதுப் பெயர் சார்ல்ஸ் லெயோன் பியேர். 1946இல் நாட்டையே கிறிஸ்து அரசருக்கு அர்ப்பணித்தார்.

கமெம்பேயில் கன்ஜோகெரா 1933இல் இறந்தாள். முசிங்கா ஏரிக்கரையில் இருந்தபடி ஜெர்மானியர்கள் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்கிறார் என்று ஒரு பேச்சு பரவியது. 1940இல் ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பெல்ஜியத்தைப் பிடித்த வருடம், அவரைக் கொங்கோவுக்குள் மோபா என்ற இடத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கேயே 1944இல் இறந்தார். ஞானஸ்நானம் வாங்கவில்லை.

பெல்ஜியர்கள் தேர்ந்தெடுத்த பிள்ளையும் பின்னாளில் அவர்களுக்குத் தலைவலியானார். சுதந்திரம் என்று பேச ஆரம்பித்த ருடஹிக்வா 1959 ஜூலை 25 அன்று புருண்டியின் புஜும்புரா நகரில் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில் ஊசி போட்டதும் விழுந்து இறந்தார். வாரிசு இல்லை. அடக்கம் நடந்த ம்விமா குன்றிலேயே, பெல்ஜிய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, முசிங்காவின் இன்னொரு மகன் ந்தஹிந்துர்வாவை கிகெலி என்ற பட்டத்தோடு ராஜா என்று அறிவித்தார்கள். அந்த ஒருமுறை கவர்னரைக் கேட்கவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த நவம்பரில் கலவரம், 1961 ஜனவரியில் கிதராமாவில் குடியரசுப் பிரகடனம், செப்டம்பரில் வாக்கெடுப்பு. முடியாட்சி போயிற்று.

கிகெலி டான்சானியா, உகாண்டா, கென்யா என்று அலைந்து, கடைசியில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்து 2016 அக்டோபரில் இறந்தார். உடலை எங்கே அடக்கம் செய்வது என்று உறவினர்களுக்குள் வழக்கு. அமெரிக்க நீதிமன்றம் ருவாண்டாவுக்கு அனுப்பச் சொன்னது. 2017 ஜனவரியில் ம்விமாவில், அண்ணன் ருடஹிக்வாவின் பக்கத்தில் அடக்கம் ஆனது. அதே மாதம் இங்கிலாந்தில் வசிக்கும் இம்மானுவேல் புஷாயிஜா என்பவரை அடுத்த ம்வாமி என்று நாட்டுக்கு வெளியே இருக்கும் அரச சபையினர் அறிவித்தார்கள். அவர் முசிங்காவின் பேரன். எடுத்துக்கொண்ட பட்டம் யூஹி, ஆறாவது யூஹி.